ஒட்டகம் மேய்ப்பவர்களிடம் விருந்தாளியாகப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜஸ்தான் போகிறேன், ஒட்டகம் வளர்ப்பவர்களோடு கொஞ்சம் இருந்துவிட்டு வர ஆசை என்று சொல்லும் நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்து ரைக்காக்களைப் பற்றியது. குஜராத்தின் கட்ச் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் வருகிறது.

ரைக்கான்னா யாரு? ரபாரி, தேவாசின்னும் சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

ஒரே பெரிய சமூகத்தின் பெயர்கள்தான். மேற்கு ராஜஸ்தானில் மார்வார், கோட்வார் பக்கம் ரைக்கா என்கிறார்கள், குஜராத் பக்கம் போனால் ரபாரி. தேவாசி என்பதைப் பலர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். ராஜாக்கள் காலத்தில் அரண்மனை ஒட்டக மந்தைகளைப் பார்த்துக்கொண்டது, அவசரச் சேதியைப் பாலைவனம் தாண்டிக் கொண்டுபோனது எல்லாம் இவர்கள்தான். பெரிய சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை வேட்டியுமாக வயதானவர்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

இன்று ரைக்காக்களில் பலரிடம் ஆடும் செம்மறியும்தான் இருக்கின்றன, ஒட்டகம் இல்லை. அதேபோல ஒட்டகம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ரைக்காக்களும் இல்லை. ஜெய்சல்மேர் பக்கம் ராஜபுத்திரர்களும் முஸ்லிம்களும் மந்தை வைத்திருக்கிறார்கள்.

ஜெய்சல்மேர்ல ஒட்டகச் சவாரி போறோமே, அது போதாதா? மந்தையைப் பார்க்க வேற எங்கேயாவது போகணுமா?

சவாரிக்கு நிற்பவை பெரும்பாலும் பழக்கப்படுத்திய ஆண் ஒட்டகங்கள். ஓட்டி வருபவருக்கு அது பிழைப்பு, நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் மந்தை என்பது வேறு உலகம். பெட்டைகளும் குட்டிகளுமாக முள்காட்டில் பரந்து மேயும், கூடவே ஒருவரோ இருவரோ இருப்பார்கள். ராஜஸ்தானில் இதை டோலா என்பார்கள்.

பாலி மாவட்டத்தில் ஆரவல்லி மலையடிவாரத்தில் சாதடி என்ற ஊர் இருக்கிறது. ரணக்பூர் சமணக் கோயிலுக்குப் பக்கம். ஃபால்னா ரயில் நிலையத்தில் இறங்கி சாலை வழியாகப் போகலாம். 1996 முதல் ரைக்காக்களோடு வேலை செய்யும் லோக்ஹித் பசு பாலக் சன்ஸ்தான் என்ற அமைப்பு அங்கேதான் இருக்கிறது. அப்படி யாராவது ஒருவர் வழியாகப் போவதே முறை. மழைக்காலத்தில் வயல்களில் பயிர் நிற்பதால் மந்தையைக் காட்டுப்பக்கம் ஓட்டிப் போய்விடுவார்கள். அறுவடை முடிந்தபிறகு தரிசு நிலத்தில் கிடை போடுவார்கள், அப்போது பார்ப்பது சுலபம்.

மொழி தெரியாதே, எப்படிப் பேசறது?

வீட்டில் பேசுவது மார்வாரி. ஓரளவு இந்தி தெரிந்தால் சமாளிக்கலாம். இந்தியும் வராது என்றால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போனதும் 'ராம் ராம் சா' என்று கைகூப்புங்கள். அந்த 'சா' மரியாதைக்கு. வயதானவரைக் 'காகா சா' என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

அப்புறம் ஒன்று. எத்தனை ஒட்டகம் இருக்கிறது என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். நம் ஊரில் முதல் சந்திப்பிலேயே சம்பளம் கேட்பது போலத்தான் அது. எந்தப் பெட்டை மூத்தது, எந்தக் குட்டி யாருடையது, இந்த வருஷம் மேய்ச்சல் எப்படி என்று கேளுங்கள், பேச்சு நிற்காது. கதை கேட்க வந்திருக்கிறேன் என்று முதலிலேயே நோட்டுப் புத்தகத்தை எடுத்தால் எல்லோரும் வாய் மூடிவிடுவார்கள். ஒட்டகத்தைப் பற்றிப் பேசினால் கதை தானாக வரும். இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும் எனக்கு.

சாப்பிட, குடிக்க என்ன தருவாங்க? வேண்டாம்னு சொன்னா தப்பா நினைப்பாங்களா?

முதலில் டீ. வீட்டில் என்றால் பெரும்பாலும் சாசரில் ஊற்றிக் கொடுப்பார்கள், உறிஞ்சிக் குடிக்க வேண்டும். சாப்பாடு என்றால் கம்பு ரொட்டி, மேலே நெய், ஒரு கட்டி வெல்லம், மிளகாய்ச் சட்னி, மோர். கொஞ்சம் வசதியான நாளில் கேர் சாங்கரிக் கறி. கேர் என்பது பாலைவனப் புதரின் சின்னக் காய். சாங்கரி என்பது நம் வன்னி மரத்துக் காய்தான், காயவைத்து எடுத்து வைத்திருப்பார்கள்.

அங்கே உபசாரத்துக்கு மனுஹார் என்று பெயர். வற்புறுத்திக் கொடுப்பதுதான் அதன் உயிர். நீங்கள் முதல் தடவை போதும் என்பது கணக்கில் வராது, இரண்டாவதும் அப்படித்தான். அதனால் ஆரம்பத்திலேயே கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடி கேட்டால் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றுமே தொடாமல் எழுந்தால் வருத்தப்படுவார்கள், கோபம் வராது. ஆண்டு முழுக்க நிழலும் தண்ணீரும் அடுத்தவர் தயவில் தேட வேண்டிய வாழ்க்கை அவர்களுடையது. மந்தையோடு போகிற இடத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் காட்டியிருப்பார், இன்னொருவர் தரிசில் தங்க விட்டிருப்பார். வந்தவருக்குக் கொடுக்காமல் அனுப்புவது அவர்களால் முடியாத காரியம்.

ஒட்டகப் பாலைக் கறந்த உடனே குடுக்கறாங்களாமே, அப்படியே குடிக்கலாமா?

கறப்பதைப் பார்ப்பதே தனி அனுபவம். ஒட்டகம் நின்றபடி இருக்கும். ரைக்கா ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடித்து, அந்தத் தொடைமேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கறப்பார். ஒரு பக்கம் குட்டி முட்டி முட்டிக் குடிக்கும், மறுபக்கம் இவர் கறப்பார். பாத்திரத்துக்கு மேலே நுரை குன்று மாதிரி நிற்கும். மேய்ச்சல் காட்டில் டம்ளர் ஏது? எருக்க இலையைப் பறித்துத் துடைத்து, தொன்னையாக மடித்து அதில் ஊற்றிக் கொடுப்பார்கள். இனிப்பும் லேசான உப்புமாக இருக்கும். என்ன தழை மேய்ந்ததோ அதற்கேற்பச் சுவை மாறும்.

அவர்கள் பிறந்ததிலிருந்து குடிக்கிறார்கள். நமக்குப் பச்சைப் பாலில் புருசெல்லா போன்ற கிருமிகளின் ஆபத்து உண்டு, இது எந்தக் கால்நடையின் பச்சைப் பாலுக்கும் பொருந்தும். எருக்கம் பாலும் நல்லதில்லை, கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். 'காகா சா, இதில் டீ போட்டுக் கொடுங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லிவிடுங்கள். பால் நன்றாகக் கொதித்துவிடும், உபசாரமும் குறையாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் பச்சைப் பாலைத் தொடவே வேண்டாம்.

குடிச்ச பாலுக்குக் காசு குடுக்கலாமா?

வேண்டாம். 'பாலை விற்பது பிள்ளையை விற்பதற்குச் சமம்' என்ற சொல் ரைக்காக்களிடம் உண்டு. பால் வீட்டுக்கு, குட்டிக்கு, கேட்டு வந்தவருக்கு. விற்க அல்ல என்பது பழைய கட்டுப்பாடு. ஒட்டக இறைச்சி உண்பதும் அவர்களிடம் விலக்கு. ஆண் குட்டிகளை வண்டி இழுக்கவும் உழவுக்கும் விற்பதுதான் வருமானமாக இருந்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் ஒட்டகப் பாலுக்குத் தர அளவு வகுத்தது. 2019இல் அமுல் கட்ச் ஒட்டகப் பாலை பாட்டிலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரைக்காக்களிலும் பால் விற்பவர்கள் இருக்கிறார்கள், மந்தை பிழைக்க அதுவே வழி என்று நம்புகிறவர்கள் பலர். விலை போட்டு விற்கிற இடத்தில் தாராளமாக வாங்குங்கள். விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுத்த பாலுக்கு மட்டும் பணத்தை நீட்டாதீர்கள். திரும்பும்போது டீத்தூள், சர்க்கரை, வெல்லம் என்று வீட்டுப் பெண்களிடம் கொடுத்தால் மனசார வாங்கிக்கொள்வார்கள்.

ஒட்டகம் எப்படி வந்துச்சுன்னு ஏதோ கதை இருக்காமே?

ரைக்காக்கள் சொல்வது இப்படி. பார்வதி பொழுதுபோகாமல் களிமண்ணில் ஒரு விலங்கு பிடித்தாள். வினோதமான உருவம், ஐந்து கால். சிவனிடம் உயிர் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார். ஐந்து காலோடு அதனால் நடக்க முடியவில்லை. ஐந்தாவது காலை மடக்கி அழுத்தினார், அது முதுகுப் பக்கம் எழும்பித் திமிலாக நின்றது. சரி, நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் சும்மா இருக்கவில்லை, ஓடி எல்லாவற்றையும் துவம்சம் செய்தது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சிவன் தன் உடம்பிலிருந்தே ஒருவனை உண்டாக்கினார், அவன்தான் முதல் ரைக்கா. வியர்வையிலிருந்து என்பார் ஒருவர், தோலிலிருந்து என்பார் இன்னொருவர்.

இந்தக் கதையில் ஒட்டகம் மனிதனுக்காகப் படைக்கப்படவில்லை. மனிதன்தான் ஒட்டகத்துக்காகப் படைக்கப்பட்டான். வயதான ரைக்கா ஒருவர் மந்தையை விட மறுப்பதன் காரணம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்கு அது தொழிலைவிடப் பெரியது, பிறந்ததே அதற்காக.

பாபூஜின்னு ஒரு சாமியைக் கும்பிடறாங்களே, அவர் யாரு?

14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் ராதோட் குலத்து வீரர். ஃபலோதி பக்கத்தில் இருக்கும் கோலு கிராமம்தான் அவர் ஊர், சைத்ர அமாவாசைக்கு (நம் கணக்கில் பங்குனி) அங்கே திருவிழா. குதிரைமேல், கையில் ஈட்டியோடு, தலைப்பாகை சாய்ந்திருக்கும் உருவத்தைக் கல்லிலும் வெள்ளித் தகட்டிலும் பார்க்கலாம். மார்வாருக்கு முதன்முதலில் ஒட்டகம் கொண்டுவந்தவர் இவர் என்பது ரைக்காக்களின் நம்பிக்கை.

கதைச் சுருக்கம்: பாபூஜியின் அண்ணன் மகள் கேலம், கோகாஜி என்ற இன்னொரு வீரரைக் கல்யாணம் செய்கிறாள். எல்லோரும் பசு, குதிரை, நகை என்று சீர் கொடுக்க, பாபூஜி லங்கையிலிருந்து செவ்வொட்டகப் பெட்டைகளைக் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுக்கிறார். சீர் வரவில்லை, புகுந்த வீட்டில் கேலத்தைக் கேலி செய்கிறார்கள், அவள் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஹர்மல் தேவாசி என்ற ரைக்கா ஜோகி (துறவி) வேடத்தில் போய் வழியும் மந்தையும் பார்த்துவிட்டு வருகிறான். பிறகு பாபூஜி படையோடு போய் ஓட்டி வருகிறார். கடைசியில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் உமர்கோட்டில் பாபூஜியின் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது, சாரணர் என்ற பாணர் குலத்துப் பெண் தேவலின் பசுக்களை பாபூஜியின் மைத்துனன் ஜிந்த்ராவ் கீச்சி கவர்ந்துபோனதாகச் சேதி வருகிறது. சடங்கை முடிக்காமலே எழுந்து போகிறார், பசுக்களை மீட்கிறார், அந்தச் சண்டையின் முடிவில் உயிரை விடுகிறார். கேட்பவர்கள் ரைக்காக்களாக இருந்தால் ஹர்மல் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளை.

அந்த லங்கை நம்ம பக்கத்து இலங்கைதானா? அங்க ஏது ஒட்டகம்?

தமிழர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. கதைக்குள் அது ராவணன் ஆளும் லங்கைதான், தண்ணீரைத் தாண்டித்தான் போகிறார்கள். வரலாற்றைக் கேட்டால், ஒற்றைத் திமில் ஒட்டகம் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் அரேபியாவில் பழக்கப்படுத்தப்பட்டது. இந்தியாவுக்கு மேற்கிலிருந்துதான் வந்தது. அதனால் கதையின் லங்கை சிந்து நதிக்கு மேற்கேயோ கட்ச் பக்கமோ இருந்த ஓர் இடம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

ஆனால் கதைக்கு ராவணன் தேவைப்படுகிறான். பாபூஜியை லட்சுமணனின் அவதாரமாகப் பாடுகிறார்கள். அவருக்கு நிச்சயித்த சோடா குலத்து இளவரசி பூல்வந்தி, சூர்ப்பணகையின் மறுபிறப்பு. முன்பிறவியில் அவமானப்பட்டவள் இந்தப் பிறவியில் மணப்பெண்ணாக வருகிறாள், அந்தக் கல்யாணமும் பாதியில் நிற்கிறது. ராமாயணம் தெரிந்த நமக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். லங்கையை வரைபடத்தில் நகர்த்தினால் இந்தக் கணக்கு அறுந்துபோகும். வரலாற்றை நாம் தனியாக வைத்துக்கொள்ளலாம், கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து திருத்தப் பார்ப்பது வேண்டாத வேலை.

நான் ராமேஸ்வரத்துப் பக்கமிருந்து, லங்கைக்கு அருகிலிருந்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். ஒரு பெரியவர் என்னிடம் அங்கே இப்போதும் செவ்வொட்டகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்போ பாபூஜி ஒன்றையும் விடாமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்' என்றார். எனக்கு அதைவிட நல்ல பதில் தெரியாது.

விடிய விடிய துணி விரிச்சுப் பாடுவாங்களே, அதை எங்க பார்க்கலாம்?

ஃபட் என்பது அந்தத் துணி. ஏறக்குறைய பதினைந்து அடி நீளம், அதில் பாபூஜியின் முழுக் கதையும் படங்களாக இருக்கும். பில்வாடா, ஷாபுரா ஊர்களில் ஜோஷி குடும்பங்கள் பரம்பரையாக வரைகின்றன. இருட்டியபிறகுதான் விரிப்பார்கள். போபா எனப்படும் பாடகர்-பூசாரி, ராவண்ஹத்தா என்ற வில் வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடி ஆடுவார். பாலைவனத்துக் கருவிதான், ஆனால் குடம் தேங்காய்ச் சிரட்டை. மேலே ஆட்டுத்தோல், மூங்கில் தண்டு, வில்லில் சலங்கை. கூடவே அவர் மனைவி போபி எண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பாடும் காட்சி எதுவோ அதற்கு விளக்கு நகரும். மற்றதெல்லாம் இருட்டில் இருக்கும்.

ஹோட்டல்களில் அரை மணி நேரத்துக்குச் சுருக்கிப் பாடுவதையும் பார்க்கலாம், கலைஞருக்கு வருமானம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குள் இது வழிபாடு. ஃபட் விரிந்ததும் அது பாபூஜியின் கோயில். ஒட்டகத்துக்கு நோய் வந்தால் பாபூஜிக்கு வேண்டிக்கொள்வார்கள், குணமானால் போபாவை அழைத்துப் பாடச் சொல்வார்கள். அப்படி ஒரு வேண்டுதல் இரவு அமைவது உங்கள் அதிர்ஷ்டம். அமைந்தால் செருப்பைக் கழற்றுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், தட்டில் உங்கள் காணிக்கையையும் வையுங்கள். பாலுக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது, போபாவுக்குப் பணம் கொடுப்பதுதான் முறை. நைந்துபோன பழைய ஃபட்டை யாரும் தூக்கி எறிவதில்லை, புஷ்கர் ஏரியில் சேர்ப்பார்கள்.

அபின் குடுத்தா என்ன பண்றது? மறுத்தா அவமானமா எடுத்துப்பாங்களா?

மார்வாரில் கல்யாணம், துக்கம், சமாதானப் பேச்சு எல்லாவற்றிலும் அபினைக் கரைத்து உள்ளங்கையில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி இது குற்றம். உடம்புக்கும் கேடு, அந்தக் குடும்பங்களே அதனால் அனுபவித்த துன்பம் கொஞ்சமில்லை. கைகூப்பி, 'எங்கள் வீட்டில் இது வழக்கமில்லை, டீ போதும்' என்றால் முடிந்தது. இதில் மட்டும் வற்புறுத்தலுக்கு இளகாதீர்கள்.

ஒட்டகத்துகிட்ட போகலாமா? கடிக்குமா?

பெட்டைகளும் குட்டிகளும் சாதுவானவை. மந்தைக்காரர் பக்கத்தில் இருக்கும்போது முன்பக்கமாக மெல்லப் போகலாம். ஆண் ஒட்டகம் குளிர்காலத்தில் வேறு மாதிரி, அது இணைசேரும் பருவம். பல்லை நறநறக்கும், வாயில் நுரை தள்ளும், இளஞ்சிவப்புப் பை ஒன்று வாய் ஓரமாக வெளியே தொங்கும். அதைக் கண்டால் படம் எடுக்கக்கூடப் பக்கத்தில் போகாதீர்கள். அந்த நேரத்தில் கடித்தால் உயிருக்கே ஆபத்து, வளர்த்தவரே எட்டித்தான் நிற்பார்.

பொண்ணுங்க போகலாமா?

போகலாம், துணையோடு போனால் நல்லது. உண்மையில் பெண்களுக்கு ஆண்களைவிட ஒரு கதவு கூடுதலாகத் திறக்கும். வெளியாட்கள் முன்னால் முக்காட்டை இழுத்துக்கொள்ளும் மருமகள்கள், உள்ளே பெண்களோடு உட்கார்ந்தால் சிரித்துப் பேசுவார்கள், கல்யாணப் பாட்டு பாடுவார்கள். வளையலைத் தொட்டுப் பார்ப்பார்கள், எத்தனை பிள்ளை என்று கேட்பார்கள். வரவு செலவு பெரும்பாலும் பெண்கள் கையில், அதனால் மந்தையின் உண்மை நிலவரம் அங்கேதான் தெரியும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கட்ச்ல ஒட்டகம் நீந்துமாமே? அவங்க கதையும் இதேதானா?

காராய் என்ற இனம். கடலோரக் கழிகளை நீந்திக் கடந்து சதுப்புநிலக் காட்டில் அலையாத்தி இலைகளை மேயும். 2015இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. மேய்ப்பவர்கள் பெரும்பாலும் ஃபகிராணி ஜத் என்ற முஸ்லிம் சமூகத்தினர். ரபாரிகளும் இருக்கிறார்கள்.

அங்கே பாபூஜிக்குப் பதில் சாவ்லா பீர். ஒட்டகத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு ரபாரி சகோதரர்கள் அவரிடம் வந்தார்களாம். அவர் மெழுகில் இன்னொரு ஒட்டகம் செய்து எதிரில் நிறுத்தினார். மூத்தவன் உயிருள்ளதைப் பிடித்துக்கொண்டான். இளையவனுக்குக் கிடைத்தது மெழுகு ஒட்டகம், பீரின் ஆசியில் அதுவே உயிர்பெற்றுப் பெரிய மந்தையானது. அத்தனையையும் பார்த்துக்கொள்ள முடியாமல் ஜத்துகளிடம் ஒப்படைத்தான். ரபாரிக்கும் ஜத்துக்கும் உள்ள உறவை இந்தக் கதையைச் சொல்லித்தான் இன்றும் விளக்குகிறார்கள். இந்து, முஸ்லிம் என்று இரண்டு சமூகம், நடுவில் ஒரே மந்தை.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒட்டகம் குறையுது, சட்டம் சரியில்லைன்னு சொல்றாங்களே, ஏன்?

கணக்கெடுப்புப்படி ராஜஸ்தானில் 2012இல் சுமார் 3.26 லட்சம் ஒட்டகங்கள், 2019இல் சுமார் 2.13 லட்சம். டிராக்டரும் லாரியும் வந்தபிறகு வண்டி இழுக்க ஒட்டகம் தேவைப்படவில்லை. மேய்ச்சல் நிலம் வேலிக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் போய்விட்டது. 2014இல் ஒட்டகம் மாநில விலங்கு ஆனது, 2015இல் கொல்வதற்கும் அனுமதியில்லாமல் வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோவதற்கும் தடை போட்டுச் சட்டம் வந்தது. நோக்கம் காப்பாற்றுவது. ஆனால் ஆண் ஒட்டகத்தை வாங்க ஆள் குறைந்து விலை விழுந்தது என்பது வளர்ப்பவர்களின் குறை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன், வருமானம் நின்ற மந்தையைப் பிள்ளைகள் தொடர மாட்டார்கள். இதைச் சொல்லும்போது பொறுமையாகக் கேளுங்கள். கதை கேட்கும் காது இதற்கும் வேண்டும்.

இவ்வளவு உபசாரம்னு சொல்றீங்க, சாதி பார்க்க மாட்டாங்களா?

பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. மேலே சொன்ன போபாக்கள் பெரும்பாலும் நாயக் சமூகத்தவர், பட்டியல் சாதி. ஃபட் விரிந்திருக்கும்வரை அவர் பூசாரி, எல்லோரும் கைகூப்புவார்கள். விடிந்தபின் அதே மரியாதை எல்லா வீட்டு வாசலிலும் கிடைப்பதில்லை. தூரத்திலிருந்து வந்த நமக்குக் கிடைக்கும் வரவேற்பை வைத்து ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று எழுதிவிடக்கூடாது. போபாவின் வீட்டுக்கும் போங்கள், அங்கேயும் டீ குடியுங்கள்.

அவங்க சொல்ற கதையைப் பதிவு பண்ணி வெளியிடலாமா?

சொன்னவரிடம் கேட்டுவிட்டு வெளியிடலாம். நெருப்பைச் சுற்றிச் சொல்லும் கதைக்கு இது போதும். போபா பாடும் ஃபட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். அது அவர் வயிற்றுப்பாடு, முழுதாக இணையத்தில் போட்டால் அடுத்த அழைப்பு குறையலாம். என்ன செய்யப் போகிறீர்கள் என்று விளக்கி, தொகையைப் பேசி, எவ்வளவு நேரம் பதிவு என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேண்டுதல் இரவு என்றால் அழைத்த வீட்டாரின் சம்மதமும் வேண்டும். ஒரே கதையை இன்னொருவர் வேறு மாதிரி சொன்னால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எந்த ஊரில், எந்தச் சமயத்தில் கேட்டது என்று குறித்து வையுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர்கள் வீட்டுப் பையன்கள் யாராவது ஒருவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.